தும்மலுக்குப் போட்ட ஊசி

1

இங்கே வசந்தம் வந்தால் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீண்ட குளிர் முடிந்து வெயில் எட்டிப் பார்த்ததும் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் துணிகூட வெளியில் காய்வதில்லை. தெருமுனையில் வரிசையாக நிற்கும் பிர்ச் மரங்கள்தான் காரணம். வெள்ளைப் பட்டையும் சரம் சரமாகத் தொங்கும் பூவுமாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அவை மகரந்தத்தை உதிர்க்கத் தொடங்கிவிட்டால் என் மகள் தாராவுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும், கண் சிவந்து வீங்கும், தும்மல் தொடங்கினால் நிற்காது.

நான் திருவனந்தபுரத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஸ்டுட்கார்ட்டுக்கு அருகிலிருக்கும் ஒரு சிற்றூருக்கு வந்தேன். ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்கத் தொலைபேசியில் பிறருடைய பல்வலியை ஜெர்மன் மொழியில் கேட்டு எழுதிக்கொள்கிறேன். தாரா இங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் நான் பேசுகிற தமிழ் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வேறு யாராவது வேறு மாதிரி பேசினால் என் முகத்தைப் பார்ப்பாள்.

அவளுடைய ஒவ்வாமைக்கு இங்கே வைத்தியம் இல்லாமலில்லை. மாத்திரை உண்டு, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே உண்டு. அந்த மரத்தின் மகரந்தத்தையே சிறிது சிறிதாக உடம்பில் ஏற்றிப் பழக்குகிற நீண்ட சிகிச்சையும் உண்டு. அதற்கான நிபுணரைப் பார்க்கத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டால், புதிய நோயாளிகளை இப்போது ஏற்பதில்லை என்று ஒரு பெண் குரல் சொல்லும். நானே அதே வாக்கியத்தை அதே குரலில் தினமும் சொல்கிறவள் என்பதால் கோபப்படவும் முடியாது.

நேற்று ஈஸ்டர் விடுமுறை தொடங்கியது. போன வருடம் இதே விடுமுறையில் தாராவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

2

போனது என் அண்ணாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு. அண்ணா கணேசன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கரமனையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு. அண்ணாவின் மனைவி சாரதா மன்னி. குழந்தைகள் இல்லை. அதனாலோ என்னவோ, தாரா வருகிறாள் என்றால் மன்னிக்குக் கைகால் ஓடாது.

விமானத்திலும் அதற்கு முன்பும் தும்மிய தும்மலில் தாரா மூக்கு நுனி தோலுரிந்துதான் வந்து இறங்கினாள். வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்த மன்னி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"கீதா, நீ வேண்டாம்னு சொல்லப்டாது. எனக்கு எத்தனை வருஷமா விடிகாலைத் தும்மல்னு நோக்குத் தெரியுமே. பூஜைக்கு உக்காந்தா சொம்பை எடுக்க முடியாது. இப்போ அக்குபங்சர் போறேனாக்கும். பாதிக்குப் பாதி கொறைஞ்சாச்சு. கொழந்தையையும் ஒருதரம் காட்டலாமே."

ஹாலில் இருந்து அண்ணா, "இப்பவும் மாத்திரை போட்டுக்கறா, கேட்டியா? அதைச் சொல்லமாட்டா" என்றார்.

"தெனமும் போட்டது இப்போ வாரத்துக்கு ஒண்ணு. அது ஒண்ணுமில்லையா?" என்றாள் மன்னி.

மறுநாள் நானும் கூடப் போனேன். சிகிச்சை செய்கிற பீனா டாக்டர் மலையாளி, நாற்பது வயதிருக்கும். ஒரு வீட்டின் முன்னறையைத்தான் மருத்துவமனையாக வைத்திருந்தார். படபடப்பில்லாத பெண்மணி. குணமாகிவிடுமா என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார்.

"கொறயும் அம்மா. பூர்ணமாயிட்டு மாறும்னு நான் சொல்லமாட்டேன். சிலருக்கு நல்ல ஆஸ்வாஸம் கிட்டும். சிலருக்கு ஒண்ணும் கிட்டாது."

அந்தப் பதில்தான் என்னைச் சம்மதிக்க வைத்தது. நூற்றுக்கு நூறு என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். தலைமுடி கனத்தில் ஊசிகள். மூக்கின் இருபுறமும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், முழங்காலுக்குக் கீழே. ஊசியென்றால் இங்கே பள்ளியில் தடுப்பூசிக்கே அழுதவள், அங்கே கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். அசையக்கூடாது என்று பீனா டாக்டர் சொல்லியிருந்தார். ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளை, விதி என்றால் விதி.

இரண்டாவது தடவை போய் வந்தபோது தும்மல் இல்லை. ஒன்றுகூட இல்லை. காலையில் எழுந்து மூக்கால் மூச்சை இழுத்துக் காட்டினாள். "அம்மா, காப்பி வாசனை வர்றது" என்றாள். பல வருடமாக அந்தப் பருவத்தில் அவளுக்கு எந்த வாசனையும் தெரிந்ததில்லை. ஸ்டுட்கார்ட்டில் இருந்த கணவரைக் கூப்பிட்டு, இத்தனை வருடம் வீணாக்கிவிட்டோம் என்றேன். மன்னி வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தாராவை நிறுத்தி மூச்சு இழுக்கச் சொன்னாள்.

3

மூன்றாவது தடவை நான் போகவில்லை. விசேஷத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சடங்கு செய்துவைக்கிற வாத்தியாருக்கும் உறவினருக்கும் வேஷ்டி புடவை எடுக்க அண்ணாவும் நானும் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். தாராவை மன்னி அழைத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது நாலு மணி இருக்கும். மாடிப்படி ஏறி வந்து கதவைத் திறந்தால், தாரா ஹாலில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து உட்காரவில்லை. வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கடி வறட்டு இருமல்.

"முதுகுல போட்டா இன்னிக்கு, தோளுக்குக் கிட்டக்க. அந்த எடத்துல வலிக்கறதாம்" என்றாள் மன்னி. "லிப்ட் வேற வேலை செய்யலை. படியேறினதுல களைச்சுட்டா. வெந்நீர்ப் பை வெச்சாச் சரியாப் போயிடும்."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாரா என்னைப் பார்த்து ஜெர்மனில் பேசினாள். காற்று வரமாட்டேன் என்கிறது என்றாள். ஒரே வாக்கியம். அதைச் சொல்லி முடிக்க நடுவில் இரண்டு முறை நிறுத்தினாள்.

அவள் சின்ன வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து கை உடைந்த அன்றும் ஜெர்மனில்தான் பேசினாள். பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். அவள் உதட்டைப் பார்த்தேன். நிறம் சரியில்லை. வாங்கி வந்த துணிப்பைகள் வாசலில் கிடந்தபடி கிடக்க, அண்ணாவும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினோம். கீழ்வீட்டுப் பையன்கள் ஓடி வந்து கைகொடுத்தார்கள்.

தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் படம் எடுத்தார்கள். நுரையீரல் மருத்துவர் வயதானவர், நாகர்கோவிலில் படித்தவராம், நன்றாகத் தமிழ் பேசினார். வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டி விரலால் காட்டினார். இடது பக்கம் நெஞ்சு முழுக்க நுரையீரல் இருந்தது. வலது பக்கம் வெறும் இருட்டு. கசக்கிய கைக்குட்டையைப் போல நடுவில் ஒரு சின்னக் கட்டி.

"இதாக்கும் நுரையீரல். ஓட்டை விழுந்து காத்து வெளிய போயி, நெஞ்சுக்குள்ள நெறஞ்சு, அது சுருங்கிப் போச்சு. இப்பவே குழாய் போடணும்."

"ஊசியாலேயா?" என்றேன்.

"முதுகுல ஊசி போட்டாங்கன்னு சொன்னீங்கல்லா. ஒல்லியான பிள்ளை. தோலுக்கும் நுரையீரலுக்கும் நடுவுல சதையே இல்ல. உயரமா ஒல்லியா இருக்கற பிள்ளைங்களுக்குக் காரணமே இல்லாமலும் இது வரும். ஆனா இண்ணைக்கு ஊசி, இண்ணைக்கே இது. ஊசிதான்னு நான் நினைக்கேன்."

தலைமுடி கனத்தில் ஒரு ஊசி. தும்மலுக்குப் போட்ட ஊசி. விலா எலும்புகளுக்கு நடுவே என் பெண்ணுக்குக் குழாய் செருகினார்கள். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்தார்கள் என்றாலும் அவள் கத்தியது வெளியே கேட்டது. அண்ணா கையெழுத்துகளைப் போட்டார். நான் தாராவின் ஜெர்மன் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையின் அப்பா பெயர் என்ன என்று கேட்ட நர்ஸிடம் என் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

4

மறுநாள் காலையில் பீனா டாக்டர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மன்னி போனில் விஷயத்தைச் சொன்னதும் தானாக வந்திருக்கிறார். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். படுக்கைக்குக் கீழே கண்ணாடி ஜாடியில் தாராவின் நெஞ்சுக் காற்று குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். மெதுவாகத்தான் பேசினேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குழந்தை வலிக்கறதுன்னு சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"அப்புறம் எப்படி வீட்டுக்கு அனுப்பினீங்க?"

"நான் கேட்டேன் அம்மா. வலின்னு சொன்ன உடனே ஊசி எடுத்தேன். ஸ்வாசம் எடுக்கான் விஷமம் உண்டோன்னு ரெண்டு தடவை கேட்டேன். இல்லைன்னு சொன்னா. உண்டுன்னு சொல்லியிருந்தா நான் தன்னே இங்க கொண்டு வந்திருப்பேன்."

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, படுத்திருக்கிற குழந்தையின் மேல் பழி போடுகிறார் என்று நினைத்தேன். திரும்பித் தாராவைக் கேட்டேன்.

"தாரா, டாக்டர் உன்னை ஏதாவது கேட்டாளா?"

தாரா யோசித்தாள். மூச்சு வலிக்காமல் பேச அதற்குள் பழகியிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"கேட்டா. விஷமம் உண்டோன்னு கேட்டா. நான் பண்ணலையே. அசையவே இல்லையே. அதான் இல்லைன்னேன்."

மலையாளத்தில் விஷமம் என்றால் கஷ்டம், சிரமம். அந்த ஊரில் பிறந்த எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கிறதா என்று பீனா டாக்டர் கேட்டிருக்கிறார். என் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். தவழ்கிற நாளில் இருந்து நான் அவளிடம் விஷமம் பண்ணாதே, விஷமம் பண்ணாதே என்று சொல்லியிருக்கிறேன். வலியோடு குப்புறப் படுத்துக்கொண்டு, தான் குறும்பு செய்ததாக டாக்டர் சந்தேகப்படுகிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

பீனா டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படி ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் மன்னி பக்கம் திரும்பினேன். "நீ எங்கே இருந்தே?"

மன்னி தாராவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். "வெளில" என்றாள். "சமையக்காரர் கூப்பிட்டார். பாயசம் அடைப்பிரதமனா பாலடையான்னு கேட்டார். உள்ள சத்தமாப் பேசப்டாதேன்னு வெளில வந்தேன்." தாராவின் காலைத் தடவிக்கொண்டே, "உள்ளே இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன். நேக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

நான் தாராவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். மன்னி இருந்த பக்கம் பார்க்கவில்லை.

5

அன்று மத்தியானம் நுரையீரல் மருத்துவர் பார்க்க வந்தார். நுரையீரல் விரிந்துகொண்டு வருகிறது, பயமில்லை என்றார். பீனா டாக்டர் அதுவரை போகாமல் வராந்தாவில்தான் இருந்தார். மருத்துவர் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"இது ரொம்ப அபூர்வம். மூக்கடைப்புக்கு, தும்மலுக்கு இந்த ஊசி கொஞ்சம் உதவுதுன்னு சொல்லுதவங்க இருக்காங்க. பெரிய வித்தியாசம் இல்லைன்னு சொல்லுதவங்களும் இருக்காங்க. மருந்தை விடாம, கூட இதையும் செஞ்சா நான் தடுக்கமாட்டேன். ஆனா ஒல்லிப் பிள்ளைக்கு முதுகுல எதுக்கு?" என்றார். பிறகு என்னிடம் கேட்டார். "பிள்ளைக்கு எதுனால அலர்ஜி?"

"பிர்ச் மரத்து மகரந்தம்."

"அங்க உள்ள மரமா?"

"ஆமாம். எங்க தெருவுல நிறைய."

"வேற எதுக்காவது உண்டா? தூசி, பூனை?"

"சோதிச்சுப் பார்த்தாங்க. வேற ஒண்ணுமில்லை."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மதில் ஓரத்தில் தென்னையும் பலாவும் நின்றன.

"நம்ம ஊர்ல அந்த மரம் எங்க இருக்கு?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திருவனந்தபுரத்தில் பிர்ச் மரம் கிடையாது. விமானம் ஏறிய நிமிடத்தில் இருந்து அவளுக்குத் தும்மக் காரணமே கிடையாது. வந்த ஓரிரு நாள் இருந்தது பழைய வீக்கத்தின் மிச்சம். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் காப்பி வாசனை அவளுக்கு வந்திருக்கும். ஊசியால் வரவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வந்தது என்று சொல்ல வழியே இல்லை. இந்த மரத்துக்காக வருடா வருடம் ஜன்னலைச் சாத்துகிற எனக்கு, கடல் கடந்த ஊரில் அது இருக்காது என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அண்ணாவுக்குத் தோன்றவில்லை. தாராவிடம் எதனால் என்று பீனா டாக்டர் கேட்கவே இல்லை.

மன்னியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் மூச்சு இழுத்துக் காட்டச் சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

6

அறுபதாம் கல்யாணம் நடக்கவில்லை. மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அண்ணா போன் செய்து வேண்டாம் என்றார். அந்த நாளில் அவர் மட்டும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பிரசாதத்தைத் தாரா நெற்றியில் வைத்தார். அன்று மறுபடி மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்க வேண்டிய மன்னி, மருத்துவமனையின் பிளாஸ்டிக் நாற்காலியில் சின்னக் கிண்ணத்தோடு உட்கார்ந்து தாராவுக்குக் கஞ்சி ஊட்டினாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று அண்ணாவிடம் ஜாடையாகச் சொன்னேன். அதைத் தாரா பார்த்துவிட்டாள்.

"மாமி இருக்கட்டும்" என்றாள்.

குழாயை எடுத்த பிறகும் உடனே பறக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பல வாரம் ஆகும். கணவர் அங்கிருந்து பள்ளிக்கூடத்தோடு போராடினார். ஜெர்மனியில் விடுமுறையை ஒட்டி ஒரு நாள் அதிகமாக எடுத்தால்கூட ஊர் சுற்றப் போனதாகச் சந்தேகிப்பார்கள். தலைமையாசிரியரின் செயலாளர் மூன்று தடவை சான்றிதழ் கேட்டார். நோயின் பெயரை எழுதி அனுப்பியதும் மறுபேச்சில்லை. அந்த மருத்துவப் பெயர் மட்டும்தான் மூன்று மொழிகளிலும் ஒரே அர்த்தத்தில் புரிந்தது. விமானக் கம்பெனிக்கு ஒரு சான்றிதழ், காப்பீட்டுக்கு ஒன்று. என் விடுப்பு தீர்ந்துபோனது. கணவர் வந்து மாற்றிக்கொண்டார். நான் தனியாகத் திரும்பினேன்.

பீனா டாக்டர் மேல் புகார் கொடுக்கலாமா என்று அண்ணா கேட்டபோது முதலில் ஆமாம் என்றேன். பிறகு, அவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார், என் பெண் தவறான பதிலைச் சொல்லியிருக்கிறாள் என்பதை எந்த அதிகாரியிடம் எந்த மொழியில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இனி யாருக்கும் முதுகில் போடுவதில்லை என்று பீனா டாக்டர் அண்ணாவிடம் சொன்னாராம்.

தாரா திரும்பி வந்தாள். நிபுணரிடம் முறை கிடைத்து, மகரந்தத்துக்குப் பழக்கும் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறோம். இந்த வசந்தத்தில் கொஞ்சம் குறைவு என்கிறாள். சிகிச்சையாலா, இந்த வருடம் பெய்கிற மழையாலா என்று நான் இப்போதெல்லாம் தீர்ப்புச் சொல்வதில்லை.

ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பேசுகிறோம். அண்ணாவோடு நான் பேசுவேன். மன்னி வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தாராவிடம் கொடுத்துவிடுவேன். அவள் மேல் கோபம் இல்லை என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை.

நேற்றும் பேசினோம். தாரா போனை மேசைமேல் வைத்துவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே பேசினாள். மறுமுனையில் மன்னி பேச்சை நிறுத்தினாள். போனைக் கையால் பொத்திக்கொள்கிற சத்தம் கேட்டது. பொத்தியும் தும்மல் கேட்டது. வரிசையாக, நிற்காமல்.

"மாமி, என்னாச்சு?" என்றாள் தாரா.

"ஒண்ணுமில்லடீ. காத்தால ஆரம்பிச்சா இப்பல்லாம் மத்தியானம் வரைக்கும் விடறதில்லை."

"அக்குபங்சர் போறேளோல்லியோ?"

"அதெல்லாம் விட்டாச்சு. உன்னை அப்படிப் பார்த்ததுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியோட போறது."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடினேன்.

"மாமி, நீங்கோ போங்கோ" என்றாள் தாரா. "நேக்குத்தான் அது ஒத்துக்கலை. உங்களுக்குக் கொறைஞ்சுதே. நான்தான் பார்த்தேனே, நான் வந்தப்போ நீங்கோ காத்தால தும்மவே இல்லை. முதுகுல மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

அதிர்ந்துபோனேன். விலாவில் இன்னும் தழும்போடு இருக்கிற பெண். நீச்சலுக்குப் போகும்போது அதை மறைக்கிற உடையாகப் பார்த்து வாங்குகிறவள். அந்தக் குரலில் பெருந்தன்மை காட்டுகிற பாவனைகூட இல்லை. ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள்.

மன்னி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அது தும்மலால் வந்ததில்லை என்று எனக்குத் தெரிந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் போனை எடுத்தேன். "மன்னி, நான்தான் கீதா" என்றேன். "எத்தனை நாளா இப்படி இருக்கு?"